ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் அச்சு வேலை பழகியவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

மண்டபத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன், ஊர் மண்டபம். செமினாருக்கு வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் நாடகம், கவிதை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அந்தப் புத்தகங்களை அச்சடித்தவர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் ரிச்சர்ட் ஃபீல்ட். ஷேக்ஸ்பியர் பெயரோடு வெளிவந்த முதல் புத்தகமான ‘வீனஸும் அடோனிஸும்’ 1593-இல் இவருடைய அச்சகத்தில்தான் அச்சானது. இவரும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரர்தான், தோல் பதனிடுகிறவரின் மகன். 1579-இல் லண்டனில் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகும் பையனாக, சேர்ந்தவர் பத்து வருடத்துக்குள் ஒரு அச்சகத்துக்கே முதலாளி ஆகிவிட்டார்.

எனக்குப் புரியாதது இதுதான். லண்டனில் யாரையும் தெரியாத வெளியூர்ப் பையன் ஒருவன் இந்தத் தொழிலுக்குள் எப்படி நுழைந்தான், பணம் கட்ட வேண்டுமா, சம்பளம் உண்டா, ஏழு வருடம் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறதே, ஒரு வேலையைக் கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் எதற்கு? முடித்தவர்கள் எல்லோரும் ஃபீல்டு மாதிரி முதலாளி ஆனார்களா, இல்லை அவர் மட்டும் அதிர்ஷ்டசாலியா? பெண்கள் இந்தத் தொழிலில் இருந்தார்களா என்றும் தெரிய வேண்டும், வகுப்பில் நிச்சயம் கேட்பார்கள். தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

தொண்டித்துறை:

தம்பி, நல்ல விஷயத்தைப் பிடித்திருக்கிறீர்கள். பல வருடம் வரலாறு நடத்தியவன் நான், இது எனக்குப் பிடித்த பகுதி, அதனால் நீளமாகத்தான் வரும்.

ஏழு வருடம் எதற்கு என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம். எழுத்துக் கோப்பதும் அச்சு இழுப்பதும் சூட்டிகையான பையனுக்கு இரண்டு மூன்று வருடத்தில் கைவந்துவிடும். மீதி வருடங்கள் எல்லாம் லண்டன் நகரத்துக்குள் சொந்தமாகக் கடை திறக்கும் உரிமைக்கு அவன் கொடுத்த விலை. இதை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த ஏற்பாட்டில் எதுவுமே புரியாது.

லண்டனில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கம்பெனி இருந்தது. இன்றைக்கு நாம் சொல்லும் கம்பெனி இல்லை, ஒரே தொழில் செய்கிறவர்களின் சங்கம். புத்தகத் தொழிலுக்கு ஸ்டேஷனர்ஸ் கம்பெனி. 1403-லிருந்தே சங்கமாக இருந்தது, 1557-இல் மேரி ராணியும் அவர் கணவர் பிலிப்பும் அதற்கு அரச சாசனம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் இங்கிலாந்தில் அச்சடிக்க வேண்டுமென்றால் இந்தச் சங்கத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது அரசரிடமிருந்து தனியாக அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அச்சடிப்பவர், புத்தகம் விற்பவர், பைண்டர் மூன்று வகையும் இதே சங்கத்துக்குள்தான்.

உள்ளே வர மூன்று வழி. அப்பா உறுப்பினராக இருந்தால் அந்த உரிமையில் மகன் வரலாம். பெரிய தொகை கட்டி வரலாம். இரண்டும் இல்லாதவனுக்கு அப்ரண்டிஸ் வழி. 1563-ஆம் வருடச் சட்டம் குறைந்தது ஏழு வருடம் என்று சொன்னது, லண்டனில் 24 வயதுக்கு முன்னால் யாரையும் விடுவிக்கக் கூடாது என்ற விதியும் சேர்ந்துகொண்டது. அதனால் பதினைந்து வயதில் சேர்ந்தவனுக்கு ஏழு, ஒன்பது ஆகும்.

சேரும்போது ஒப்பந்தம் எழுதுவார்கள். ஒரே தாளில் அதே வாசகத்தை இரண்டு முறை எழுதி, நடுவில் நெளிநெளியாக வெட்டி, முதலாளிக்கு ஒரு பாதி, பையனுக்கு ஒரு பாதி. பின்னால் தகராறு வந்தால் இரண்டு விளிம்பையும் பொருத்திப் பார்த்தால் போதும், போலி எது என்று தெரிந்துவிடும். முதலாளி சாப்பாடு, துணி, தங்க இடம் கொடுத்துத் தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். பையன் கல்யாணம் செய்யக் கூடாது, சூதாடக் கூடாது, சாராயக்கடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் போகக் கூடாது, எஜமானின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. சம்பளம் என்று பேச்சே கிடையாது. சங்கத்தில் பெயர் பதிய ஒரு சிறு தொகை, முடித்து வெளியே வரும்போது 3 ஷில்லிங் 4 பென்ஸ், அவ்வளவுதான் கட்டணம். ஆனால் காலம் போகப் போக, நல்ல முதலாளியிடம் சேர்க்கப் பெற்றோர் தனியாக ஒரு தொகை கொடுப்பது வழக்கமாகி, 1710-இல் அரசாங்கம் அந்தத் தொகைக்கே வரி போட்டது. அந்த அளவுக்கு அது பரவியிருந்தது.

இனி ஃபீல்ட். எழுத்தில் இவருடைய முதலாளி ஜார்ஜ் பிஷப் என்ற பெரிய புத்தக வியாபாரி. ஆனால் முதல் ஆறு வருடம் தாமஸ் வாட்ரோலியே என்பவரிடம் அச்சு வேலை கற்க வேண்டும் என்று ஏற்பாடு. வாட்ரோலியே பிரான்ஸிலிருந்து வந்த புராட்டஸ்டண்ட், பிளாக்ஃப்ரையர்ஸ் பகுதியில் அச்சகம், லண்டனில் சுத்தமான வேலைக்குப் பெயர் போனவர். யோசித்துப் பாருங்கள். லண்டன் வியாபாரியின் பெயரும் கிடைக்கிறது, ஐரோப்பியக் கைத்திறனும் கிடைக்கிறது. 1587 பிப்ரவரியில் ஃபீல்டின் ஒப்பந்தம் முடிந்தது. அதே வருடம் வாட்ரோலியே இறந்தார். 1589-இல் ஃபீல்ட் அவருடைய மனைவி ஜாக்குலினைக் கல்யாணம் செய்துகொண்டார். பிரஸ், எழுத்து, வாடிக்கை எல்லாம் அந்த வீட்டோடு வந்தன. பத்து வருடத்தில் முதலாளி ஆன கதை இதுதான். 1592-இல் தன் தம்பி ஜாஸ்பரைத் தன்னிடமே அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் இரண்டு முறை சங்கத்தின் தலைவரும் ஆனார்.

திறமை இல்லாமல் இது நடக்காது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதே திறமையோடு கூலிக்கு வேலை செய்தே காலம் தள்ளியவர்கள் அதிகம்.

பாம்பன் பாலம்:

சம்பளம் இல்லாமல் ஏழு வருடம் என்றால் அது கொத்தடிமைதானே. அதற்குச் சங்கம், சாசனம் என்று பெரிய பெயர் எதற்கு? அடித்தால், சோறு போடாவிட்டால் அந்தப் பையன் எங்கே போவான்?

தொண்டித்துறை:

கேள்வி நியாயமானதுதான். நகர நிர்வாகத்திடம் புகார் கொடுக்க வழி இருந்தது, ஒப்பந்தத்தை ரத்து செய்து வேறு முதலாளியிடம் மாற்றிவிடுவதும் உண்டு. அதையும் மீறி ஓடிப்போனவர்கள் நிறைய. தாமஸ் ஜென்ட் என்று ஒருவர், டப்ளினில் ஒரு அச்சகத்திலிருந்து 1710-இல் தப்பி லண்டனுக்கு வந்து, பிற்பாடு யார்க் நகரத்தில் பெரிய அச்சகம் நடத்தினார். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் பாஸ்டனில் சொந்த அண்ணனிடமே அப்ரண்டிஸ், அடி தாங்காமல் 1723-இல் ஓடினார். பொதுவாகவே லண்டனில் எந்தத் தொழிலை எடுத்தாலும், சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முடிக்கவில்லை. சிலர் இறந்துபோனார்கள், சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், சிலரைப் பற்றிப் பதிவேட்டில் அதற்குமேல் ஒரு வரியும் இல்லை.

ஆனாலும் கொத்தடிமை என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்துக்கு முடிவு தேதி உண்டு, முடித்தவனுக்கு அவன் முதலாளிக்கு இருந்த அதே உரிமை சட்டப்படி உண்டு. ஓர் எளிய விவசாயியின் மகனுக்கு அந்தக் காலத்தில் அப்படி வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

ஈய எழுத்து:

எனக்கு வரலாறு படிப்பு கிடையாது. 1980-களில் ராமநாதபுரத்தில் ஒரு பிரஸ்ஸில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துக் கோப்பவனாக, இருந்தவன், ஆஃப்செட் வந்து எங்கள் வேலை போகும்வரை. ஆனால் ஜோசப் மாக்ஸன் என்பவர் 1683-84-இல் அச்சு வேலையைப் பற்றி எழுதிய கையேட்டை என் மருமகன் உதவியோடு வரிவரியாகப் படித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அச்சு வேலையை முழுசாகச் சொன்ன முதல் புத்தகம் அது. படிக்கும்போது முந்நூறு வருடத்துக்கு முந்தின ஆள் என் பக்கத்து கேஸில் (எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் தட்டு) நின்று பேசுகிற மாதிரி இருந்தது. அந்தப் பையன்கள் தினமும் என்ன செய்தார்கள் என்று தம்பிக்குச் சொல்கிறேன்.

கம்பாசிட்டரின் கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை மட்டும் கேஸில் ஓடும். எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் வெட்டியிருக்கும். அதைக் கட்டைவிரல் தடவிக்கொண்டே போகும், பள்ளம் சரியான பக்கம் இருந்தால் எழுத்து தலைகீழாக விழவில்லை என்று அர்த்தம், பார்க்கவே வேண்டியதில்லை. மாக்ஸன் காலத்து எழுத்திலும் இதே பள்ளம் இருந்தது. கையில் பிடிக்கிற ஸ்டிக் என்ற சின்னத் தட்டில் வரி வரியாகக் கோத்து, வரி ஆடாமல் இடைவெளி கொடுத்து இறுக்கி, பக்கமாக்கி, கட்டி, இரும்புச் சட்டத்தில் பூட்டினால் ஃபாரம். அச்சாகி முடிந்ததும் கழுவி, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். புதுப் பையனுக்கு எங்கள் காலத்தில் முதலில் கொடுத்த வேலை இந்தப் பிரிக்கிற வேலைதான். எந்த அறையில் எது என்பது அப்படித்தான் விரலில் ஏறும். தப்பான அறையில் ஒரு எழுத்து விழுந்தால் அது அடுத்த புத்தகத்தில் பிழையாக வந்து நிற்கும்.

அச்சு இழுக்கும் பக்கம் இரண்டு பேர். ஒருவர் மை தடவுவார், இன்னொருவர் கம்பியைப் பிடித்து இழுப்பார். மை தடவ இன்றைக்கு மாதிரி உருளை கிடையாது, மரப்பிடியில் தோல் கட்டி உள்ளே கம்பளி அடைத்த இரண்டு உருண்டைகள். அந்தத் தோல் மெத்தென்று இருப்பதற்காக ராத்திரியில் மூத்திரத்தில் ஊறவைப்பார்கள். மறுநாள் அதைப் பிழிந்து துடைத்துக் கொடுப்பது யார் வேலை என்று நினைக்கிறீர்கள்? அப்ரண்டிஸ்தான். மை என்பது ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி விளக்குக்கரி சேர்த்தது. ஒரு மணி நேரத்துக்கு 250 தாள் கணக்கு, அப்படியென்றால் பதினான்கு பதினைந்து விநாடிக்கு ஒரு தாள், மை தடவி, தாள் வைத்து, தள்ளி, இழுத்து, எடுத்து. வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் அச்சான தாளை எடுக்க மூன்றாவதாக ஒரு பையனை நிறுத்துவார்கள். முகமும் கையும் கரியாகிவிடுவதால் வேலைக்காரர்கள் அவர்களைப் பிசாசுகள் என்றே கூப்பிட்டதாக மாக்ஸன் எழுதியிருக்கிறார்.

அப்புறம் இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒவ்வொரு அச்சகத்து வேலையாட்களும் தங்களுக்குள் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள், அதற்குச் ‘சேப்பல்’ என்று பெயர், மூத்தவர்தான் தலைவர். புதிதாக வேலைக்கு வருகிறவர் அரை க்ரௌன், அதாவது 2 ஷில்லிங் 6 பென்ஸ், வரவுப் பணம் கட்ட வேண்டும். சண்டை போட்டால் அபராதம், கெட்ட வார்த்தை பேசினால் அபராதம், குடித்துவிட்டு வந்தால் அபராதம், ராத்திரி மெழுகுவர்த்தியை அணைக்காமல் போனால் அபராதம், கம்பாசிட்டர் ஸ்டிக்கைக் கீழே போட்டு இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால்கூட அபராதம். கட்ட மறுத்தால் நான்கு பேர் பிடித்து, ஃபாரம் திருத்துகிற கல்மேல் குப்புறப் போட்டு, அட்டையால் பின்பக்கம் பதினொரு அடி. ஃப்ராங்க்ளின் 1725 வாக்கில் லண்டனில் வாட்ஸ் என்பவரின் பெரிய அச்சகத்தில் வேலை பார்த்தார். அச்சு இழுக்கும் பக்கத்திலிருந்து எழுத்துக் கோக்கும் அறைக்கு மாறியபோது மறுபடியும் 5 ஷில்லிங் கேட்டார்கள். ஏற்கெனவே கட்டிவிட்டேன் என்று மறுத்தார். அவ்வளவுதான், அவர் அறையை விட்டு வெளியே போகும்போதெல்லாம் கேஸில் எழுத்தைக் கலந்துவிடுவது, பக்கத்தை இடம் மாற்றுவது, கட்டிய பக்கத்தை உடைப்பது. யார் செய்தது என்று கேட்டால் சேப்பல் பேய் என்பார்கள். இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கடைசியில் கட்டினார்.

இது கொடுமை என்று தோன்றும். ஆனால் அந்த அபராதக் காசு முதலாளிக்குப் போகவில்லை, வேலையாட்களுக்குள்ளேயே செலவானது. எரியும் மெழுகுவர்த்தி, கீழே விழும் ஸ்டிக், சட்டம் முழுக்க இதைப் பற்றித்தான் இருக்கிறது. காகிதமும் எண்ணெயும் குவிந்த மரக்கட்டடத்தில் ஒரு மெழுகுவர்த்தி போதும். வருடம் ஒரு தடவை, ஆகஸ்ட் 24 பார்த்தலோமியோ திருநாள் பக்கம், முதலாளி எல்லோருக்கும் விருந்து வைத்துக் குடிக்கவும் காசு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை தொடங்கும்.

கீழக்கரை வாசகி:

பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தொண்டிக் காக்கா ஜாக்குலினைக் கதையில் ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். வாட்ரோலியே உயிரோடு இருந்தபோதே அந்த அச்சகத்தின் வரவு செலவும் வேலையும் தெரிந்தவர் அந்த அம்மா. லண்டன் வழக்கப்படி, உறுப்பினரின் விதவை கணவருடைய கடையைத் தொடர்ந்து நடத்தலாம், அப்ரண்டிஸும் சேர்க்கலாம். ஆனால் சங்கத்துக்கு வெளியே மறுமணம் செய்தால் அந்த உரிமை போய்விடும். அதனால்தான் கடையில் வேலை பழகிய ஆளையோ வேறு அச்சுக்காரரையோ கல்யாணம் செய்துகொள்வது திரும்பத் திரும்ப நடந்தது. ஃபீல்ட் பிரஸ்ஸைக் கைப்பற்றினார் என்பது ஒரு பக்கம். ஜாக்குலின் தன் கடையையும் அதை நடத்தத் தெரிந்த ஆளையும் சேர்த்தே தக்கவைத்தார் என்பது மறுபக்கம். தாமஸ் ஜென்ட்டும் 1724-இல் யார்க்கில் ஒரு அச்சுக்காரரின் விதவையைத்தான் கல்யாணம் செய்தார். நாவலாசிரியர் ஆவதற்கு முன்னால் அச்சுக்காரராக இருந்த சாமுவேல் ரிச்சர்ட்சன் தன் முதலாளி ஜான் வைல்டின் மகள் மார்த்தாவை மணந்தார்.

பெண் பிள்ளையே அப்ரண்டிஸாகப் பதிவானது மிகவும் தாமதம். எசெக்ஸ் பக்கத்துப் பாதிரியார் ஒருவரின் மகள் ஜோவன்னா நை, 1666-இல் ஒரு செதுக்குநரிடம் சேர்ந்தார், ஸ்டேஷனர்ஸ் கம்பெனியில் முறையாகப் பதிவான முதல் பெண் அவர்தான். மகள் உரிமையில் வந்தவர்களும் உண்டு. டேஸ் சவுல் என்ற, குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் 1695-இல் அப்பா ஆண்ட்ரூ சவுலின் உரிமையில் உறுப்பினரானார். எழுத்துக் கோப்பதில் கைதேர்ந்தவர் என்று அவர் காலத்துப் புத்தக வியாபாரி ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய சகோதரி எலிசபெத், அப்பாவிடம் அப்ரண்டிஸாக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டைக் கல்யாணம் செய்தார். இருவரும் அமெரிக்கா போனார்கள், 1685-இல் ஃபிலடெல்ஃபியாவில் முதல் அச்சகம் பிராட்ஃபோர்டுடையதுதான், பிறகு நியூயார்க்கிலும் முதல் ஆள் அவரே. லண்டனில் இடம் இல்லாத அப்ரண்டிஸ் கடல் தாண்டிப் போய் முதலாளி ஆன கதை இது.

ஒரே வீட்டில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்வதில் ஒரு ஆபத்தும் இருந்தது, அதையும் செமினாரில் சொல்லுங்கள் தம்பி. ஜான் ட்வின் என்ற சின்ன அச்சுக்காரர் அரசருக்கு எதிரான ஒரு நூலை ராத்திரியில் அச்சடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். 1664-இல் விசாரணை. யார் எழுதியது என்று சொன்னால் தப்பிக்க வழி இருந்தது, அவர் சொல்லவில்லை, ராஜத்துரோகம் என்று மரண தண்டனை கொடுத்தார்கள். விசாரணையில் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கப்பட்டவர்களில் அவருடைய அப்ரண்டிஸ் ஜோசப் வாக்கரும் ஒருவன். எஜமானின் ரகசியத்தைக் காப்பேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த பையன். அவன் அன்றைக்கு என்ன பாடுபட்டிருப்பான் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

மண்டபத்தான்:

தொண்டிக் காக்கா, ஐயா, அக்கா, மூவருக்கும் நன்றி. செமினார் முழுக்க இதிலேயே நிரம்பிவிடும் போல இருக்கிறது. ஆனால் ஒன்று இன்னும் இடிக்கிறது. உரிமை வாங்கிவிட்டால் சட்டப்படி யாரும் பிரஸ் வைக்கலாம் என்றால், முடித்தவர்கள் ஏன் வைக்கவில்லை? பணம் இல்லாதது மட்டும்தான் காரணமா?

தொண்டித்துறை:

பணமும் காரணம், அதைவிடப் பெரிய காரணங்களும் உண்டு. நம் பக்கம் விசைப்படகில் பத்துப் பதினைந்து வருடம் கடலுக்குப் போய், மீன் எங்கே இருக்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியவன் கடைசிவரை பங்குக்கே போய்க்கொண்டிருப்பான், படகு வேறொருவர் பெயரில் இருக்கும். லண்டன் அச்சுத்தொழிலில் இதை அரசாங்கமே விதியாக்கியது. 1583-இல் கணக்கெடுத்தபோது நகரத்தில் 23 அச்சுக்காரர்களிடம் 53 பிரஸ். இதுவே அதிகம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். 1586-இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் ஆணை போட்டது: இருக்கிற எண்ணிக்கை குறையும்வரை புது பிரஸ் கூடாது, ஒரு இடம் காலியானால் யாருக்கு என்று சங்கம் சொல்லும். ஒரு முதலாளி எத்தனை அப்ரண்டிஸ் வைக்கலாம் என்பதற்கும் வரம்பு, சங்கத்தில் பெரிய பதவியில் இருப்பவருக்கு மூன்று, நடுவில் இருப்பவருக்கு இரண்டு, சாதாரண உறுப்பினருக்கு ஒன்று. 1637-இல் இன்னும் இறுக்கி, லண்டனில் மொத்தம் 20 அச்சுக்காரர்கள்தான் என்று பெயர் போட்டே அறிவித்தார்கள். இந்தக் கட்டுப்பாடு 1695-இல்தான் முழுசாக விழுந்தது, அதன் பிறகு இங்கிலாந்தின் மற்ற ஊர்களிலும் பிரஸ்கள் முளைத்தன.

அடுத்தது, காசு இருந்த இடம் பிரஸ் இல்லை, உரிமை. பைபிள், சட்டப் புத்தகம், பஞ்சாங்கம், குழந்தைகளின் அரிச்சுவடி, இப்படி வருடா வருடம் விற்கிற சரக்கெல்லாம் ஒரு சிலரின் தனியுரிமையில் இருந்தது. அதை எதிர்த்தவர்களில் ஜான் வுல்ஃப் முக்கியமானவர், அவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜான் டே என்ற பெரிய அச்சுக்காரரிடம் வேலை பழகி, இத்தாலி வரை போய்வந்து, மீன் வியாபாரிகள் சங்கத்தின் உறுப்பினராக இருந்துகொண்டே புத்தகம் அச்சடித்தார். லண்டன் வழக்கப்படி எந்தச் சங்கத்தில் உரிமை இருந்தாலும் எந்தத் தொழிலும் செய்யலாம், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களின் தனியுரிமைப் புத்தகங்களை அச்சடித்துத் தள்ளினார், சிறைக்கும் போனார். 1583-இல் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1587-இல் திருட்டு அச்சைத் தேடிப் பிடிக்கிற பொறுப்புள்ள சங்க அதிகாரி அவரே. கூலித் தொழிலாளிகளுக்காகப் பேசியவர் மறுபக்கம் போய்விட்டார் என்று அன்றைக்கே பலருக்குக் கோபம் இருந்திருக்கும், எனக்கும் அவர்மேல் முழு மரியாதை வரவில்லை.

கூலித் தொழிலாளிகளுக்காக எதுவுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1587-இல் சங்கம் ஒரு விதி போட்டது: ஒருமுறை கோத்த எழுத்தில் பொதுவாக 1,250 அல்லது 1,500 பிரதிக்குமேல் அச்சடிக்கக் கூடாது, அதற்குமேல் வேண்டுமென்றால் பிரித்துவிட்டு மறுபடி கோக்க வேண்டும். கம்பாசிட்டருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இது. 1603-இல் முதலாம் ஜேம்ஸ் அரசர் பஞ்சாங்கம், பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய புத்தகம், அரிச்சுவடி ஆகியவற்றின் உரிமையைச் சங்கத்துக்கே கொடுத்தார். உறுப்பினர்கள் பங்கு போட்டார்கள், லாபத்தில் ஒரு பகுதி ஏழை உறுப்பினர்களுக்கும் விதவைகளுக்கும் போனது. பெரிய பங்குகள் மேல்தட்டுக்கே என்பது வேறு விஷயம்.

பெரிய பணம் பார்த்தவர்கள் புத்தகம் விற்றவர்கள். தேம்ஸ் ஆற்றில் சரக்குத்தோணி விட்டு நிலக்கரி விற்ற ஒருவரின் மகன் தாமஸ் கை, 1660-இல் புத்தகக் கடையில் அப்ரண்டிஸ், 1668-இல் சொந்தக் கடை. ஹாலந்திலிருந்து பைபிள் இறக்கியும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு பைபிள் அச்சடித்தும் சம்பாதித்து, அதைப் பங்குச் சந்தையில் பல மடங்காக்கினார். லண்டனில் இன்றைக்கும் இருக்கும் கைஸ் மருத்துவமனை அவர் பணத்தில் வந்தது. ஜேக்கப் டான்சன் 1670-இல் பதினான்கு வயதில் ஒரு வியாபாரியிடம் சேர்ந்து, 1677-இல் வெளியே வந்து, 1683-இல் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ உரிமையில் பாதியையும் 1690-இல் மீதியையும் வாங்கினார். மில்டனுக்கு 1667-இல் கையில் கிடைத்தது 5 பவுண்டு, பிறகு இன்னொரு 5. டான்சன் கடைசிக் காலத்தில் கிராமத்தில் எஸ்டேட் வாங்கி ஓய்வாக இருந்தார்.

அச்சு வேலையிலேயே இருந்து உயர்ந்தவர் என்றால் ரிச்சர்ட்சன். தச்சர் மகன், 1706-இல் சேர்ந்தார். முதலாளி தன் லாபத்துக்காக ஒரு நிமிடத்தைக்கூட விடமாட்டார், தூங்கும் நேரத்திலிருந்து எடுத்துத்தான் படிப்பாராம், அதற்கும் முதலாளிக்கு நட்டம் வரக் கூடாது என்று மெழுகுவர்த்தியைத் தன் காசில் வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். 1754-இல் சங்கத்தின் தலைவர் ஆனார்.

பாம்பன் பாலம்:

காக்கா விளக்கம் சரி. இன்னொன்று, நம் கடற்கரையோடு சேர்த்துப் பேசலாம். ஃபீல்ட் சேர்வதற்கு முந்தின வருடம், 1578-இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழிலேயே அச்சாகிவிட்டது. தரங்கம்பாடிக்கு லண்டனிலிருந்து பிரஸ்ஸும் கூடவே ஜோனாஸ் ஃபின்க் என்ற அச்சுக்காரரையும் அனுப்பினார்கள். கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, மீட்டு, கடைசியில் 1712-இல் பிரஸ் வந்து சேர்ந்தது, ஆனால் ஃபின்க் வழியிலேயே இறந்துபோனார். பெட்டியில் வந்த பிரஸ்ஸை ஓட்டக் கைப்பழக்கம் உள்ள ஆளைத் தேட வேண்டியதாயிற்று.

மண்டபத்தான்:

ஃபீல்டில் தொடங்கி வுல்ஃபுக்குப் போய், ஜோவன்னா நை, ஜோசப் வாக்கர் வழியாக டான்சனில் முடிக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். சேப்பல் அபராதங்களுக்குத் தனியாக ஒரு ஸ்லைடு. ஈய எழுத்து ஐயா, உங்களிடம் பழைய ஸ்டிக்கோ எழுத்தோ இருந்தால் கல்லூரிக்குக் கொண்டுவர முடியுமா? எங்கள் வகுப்பில் யாரும் ஈய எழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

ஈய எழுத்து:

ஸ்டிக் ஒன்று இருக்கிறது தம்பி, பன்னிரண்டு பாயிண்ட் எழுத்து ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன், எடைக்குப் போட மனசு வரவில்லை. கேஸ் கிடையாது, அதனால் தாம்பாளத்தில் கொட்டித்தான் காட்ட வேண்டும். வியாழக்கிழமை தவிர எந்த நாளானாலும் வருகிறேன். பிள்ளைகளை ஆளுக்கு ஒரு வரி கோக்கச் சொல்லலாம், அவரவர் பெயரையே கோக்கட்டும். கை கழுவச் சோப்பும் பழைய துணியும் மட்டும் எடுத்து வையுங்கள், ஈயத்தைத் தொட்ட கையோடு யாரும் சாப்பிடக் கூடாது.